ஒட்டகச்சிவிங்கி நடக்கும்வரை

மயிலாத்தாளுக்கு இப்போது வேண்டியதெல்லாம் அது ஓர் எட்டு எடுத்து வைப்பதுதான். ஒரே ஓர் எட்டு. பின்னங்கால் கிளம்பும்போது அதே பக்கத்து முன்னங்காலும் கூடவே கிளம்புகிறதா, இல்லை எதிர்ப்பக்கத்து முன்னங்கால் கிளம்புகிறதா என்று மட்டும் தெரிந்துவிட்டால் போதும், அவள் பாட்டுக்குப் பெட்டியைக் கட்டிக்கொண்டு சாயங்கால விமானத்தில் ஏறி ஊரைப் பார்க்கப் போய்விடுவாள். ஆனால் அது நின்றது. வண்டியை நிறுத்தி முக்கால் மணி நேரமாயிற்று, வெயில் முழங்கையில் சுட ஆரம்பித்துவிட்டது, மருமகள் கட்டிக்கொடுத்த இட்லியில் பாதி தீர்ந்துவிட்டது, அது நின்ற இடத்திலேயே நின்றது. மொத்தம் நான்கு ஒட்டகச்சிவிங்கிகள். மூன்று முள்புதருக்கு அந்தப் பக்கம், கழுத்தும் முதுகும் மட்டும் தெரிகிற மாதிரி, காலை யாருக்கும் காட்டக்கூடாது என்று பேசிவைத்துக்கொண்டு நின்றன. நான்காவது மட்டும் வெட்டவெளியில், நாலு காலும் நன்றாகத் தெரிய, குடை மாதிரி விரிந்த ஒரு வேலமரத்தில் வாயை வைத்துக்கொண்டிருந்தது. சூரியன் அதற்குப் பின்னால் இருந்ததால் ஆள் கறுப்பாகத்தான் தெரிந்தது, நிறமில்லை, புள்ளியில்லை, வெறும் உருவம். அதனால் என்ன, காலுக்கு நிறம் எதற்கு. மேலே நாக்கு வெளியே வருகிறது, ஒரு கிளையைச் சுற்றுகிறது, இழுக்கிறது, மெல்லுகிறது, மென்றது தொண்டை வழியாக இறங்குவது அந்த நீளம் முழுக்கத் தெரிகிறது, மறுபடி நாக்கு. கால் மட்டும் அசையவில்லை. நட, என்றாள் மயிலாத்தாள் வாய்க்குள்ளேயே. நட தாயே. உனக்கு என்ன குறைந்துவிடப் போகிறது, அடுத்த மரத்துக்குப் போ, அந்த மரத்து இலை இன்னும் நன்றாக இருக்கும்.

பக்கத்து இருக்கையில் அவள் வீட்டுக்காரர் நாச்சிமுத்து, மகன் வாங்கிக் கொடுத்த தொப்பியோடு, இரண்டு கையையும் முட்டியில் ஊன்றி, அதே காலையே பார்த்துக்கொண்டிருந்தார். பூசின சிமென்ட் காய்கிறதா என்று பார்க்கிற அதே உட்கார்வு. சிமென்ட் மிருகம் செய்கிறவர் அவர். நகராட்சிப் பூங்காக்களில் பிள்ளைகள் ஏறிச் சறுக்குகிற யானை, வாயைத் திறந்து குப்பை வாங்குகிற முயல், தண்ணீர்த் தொட்டியைச் சுற்றி நிற்கிற நாலு கொக்கு, எல்லாம் அவர் கைவேலை. கம்பி வளைப்பது, கோழிவலை கட்டுவது, கலவை பூசுவது அவர், பெயின்ட் அவள். இருபத்தாறு வருஷமாக அப்படி. அதிலும் ஒட்டகச்சிவிங்கிக்குத்தான் கிராக்கி. எந்த ஊர் கமிஷனரானாலும் புலியை வேண்டாம் என்பார், பிள்ளைகள் பயப்படும் என்பார், ஒட்டகச்சிவிங்கியை மட்டும் வேண்டாம் என்று ஒருத்தரும் சொன்னதில்லை. பீடத்தில் ஊர்ப் பேரையும் சேர்த்துச் சிற்பி கோபி நாச்சிமுத்து என்று எழுதி, கீழே செல் நம்பர் போட்டிருக்கும். அந்த எழுத்தை எழுதுவதும் அவள்தான். அவருடைய பேரை அத்தனை ஊரிலும் அவள் கையால் எழுதியிருக்கிறாள், ந-வுக்குத் துணைக்கால் போடும்போதெல்லாம் பிரஷ்ஷைக் கொஞ்சம் அழுத்துவாள், அவ்வளவுதான், அதற்கு மேல் ஒன்றும் சொன்னதில்லை. போன தை மாதம் ஒரு வேலை வந்தது. பக்கத்து ஊரில் புதுப் பூங்கா, வாசலில் இருபத்திரண்டு அடி உயரத்துக்கு ஒட்டகச்சிவிங்கி, ஜனங்கள் அதன் வயிற்றுக்கு அடியில் புகுந்துதான் உள்ளே போக வேண்டும், அதுவும் நிற்கக்கூடாது, நடக்கிற மாதிரி இருக்க வேண்டும். வருகிற புதன்கிழமை அஸ்திவாரக் கான்கிரீட். கால் கம்பி நாலும் அந்தக் கான்கிரீட்டில்தான் இறங்கும். இறங்கினது இறங்கினதுதான், அப்புறம் யார் வந்து தலைகீழாக நின்றாலும் ஒரு விரற்கடை நகர்த்த முடியாது. ஆகவே எந்தக் கால் முன்னே, எந்தக் கால் பின்னே என்பது இந்த முள்காட்டில், இந்தக் காலையில் தெரிந்தாக வேண்டும்.

அவருக்கு மணிக்கட்டு பிசகியிருந்ததால்தான் களிமண் மாதிரியை அவளைச் செய்யச் சொன்னார். அவளும் மூன்று நாள் உட்கார்ந்து செய்தாள். இடது கால் இரண்டும் முன்னால், வலது கால் இரண்டும் பின்னால். செய்து முடித்துத் திண்டின் மேல் வைத்துவிட்டு, கையில் மண் காயக் காய, அவர் என்ன சொல்லப்போகிறார் என்று நின்றாள் பாருங்கள், அந்த நிற்பை நினைத்தால் இப்போதும் காது சுடுகிறது. அவர் கோபித்துக்கொண்டிருந்தால்கூடப் பரவாயில்லை. சிரித்தார். ஏம்புள்ளே, இது நடக்குதா, இல்ல கவுந்து விழுகுதா என்றார். வேலையாட்கள் நாலு பேரும் சிரித்தார்கள், சிரிக்காவிட்டால் முதலாளிக்கு மரியாதை இல்லையே. பிறகு கட்டைவிரலால் அவள் செய்த காலைப் பிடித்து, ஈர மண்தானே, பின்னங்கால் இரண்டில் மட்டும் வலதை முன்னாலும் இடதைப் பின்னாலும் நெட்டித் தள்ளி, நாயைப் பார், மாட்டைப் பார், ஆட்டைப் பார், நாலு கால் உள்ளதெல்லாம் எதிரும் புதிருமாகத்தான் நடக்கும் என்று அவளுக்குப் பாடம் எடுத்தார். அவள் கையைக் கழுவிக்கொண்டு வீட்டுக்குள் போனவள்தான். ஒன்பது நாள் பிரஷ்ஷைத் தொடவில்லை. ஒரு பள்ளிக்கூடத்துக்குச் செய்த கரடி ஒன்பது நாள் கண்ணில்லாமல் பட்டறையில் நின்றது, தலைமையாசிரியர் போன் மேல் போன் போட்டார், நாச்சிமுத்து தானே கண் வரையப் பார்த்து, கரடிக்கு மாறுகண் வந்து, அதைச் சுரண்டி எடுத்தது தனிக் கதை. பத்தாம் நாள் அவரே வந்து உட்கார்ந்தார். பேசி முடித்தார்கள். அவள் சொன்னது சரியென்றால் இந்த வேலையில் கம்பிக்கு அவள் வார்த்தைதான், பீடத்தில் அவள் பேர். தப்பென்றால் இனி ஆயுசுக்கும் அவள் கம்பியைப் பற்றி வாயைத் திறக்கக்கூடாது, புள்ளி வைப்பதோடு நின்றுகொள்ள வேண்டும். சரி என்றாள். யோசிக்கவே இல்லை. நைரோபியில் மருந்துக் கம்பெனி வேலையில் இருக்கிற மகன் லோகு, இதற்காகவாவது இரண்டு பேரும் ஒரு தடவை வந்துவிட்டுப் போங்கள் என்று டிக்கெட்டை அனுப்பினான்.

யோசிக்காமல் சரி என்று சொல்ல அவளுக்கு ஒட்டகம் போதுமாக இருந்தது. ஒன்பது வயதில் தெருவுக்கு ஒட்டகம் வந்தது. வடக்கத்திக்காரர் ஒருத்தர் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நடக்க, மேலே பிள்ளைகள் இரண்டு பேராக உட்கார்ந்து போவார்கள். அவளை ஏற்றவில்லை, பெண்பிள்ளை விழுந்து கிழுந்து வைத்தால் யார் பார்ப்பது என்று அப்பா சொல்லிவிட்டார். சரி, ஏறாவிட்டால் என்ன, பின்னாலேயே மூன்று தெரு போனாள். மேலே இருந்தவர்களுக்கு ஊர் தெரிந்தது, அவளுக்கு ஒட்டகத்தின் கால் தெரிந்தது. மேலே இருந்த பிள்ளைகள் முன்னும் பின்னுமாக ஆடவில்லை, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக, படகில் போகிறவர்கள் மாதிரி சாய்ந்து சாய்ந்து போனார்கள். ஏன் என்று கீழே பார்த்தாள். இடது பக்கம் இரண்டு காலும் சேர்ந்து போகிறது, அப்புறம் வலது பக்கம் இரண்டு காலும். அவளும் அதே மாதிரி, வலது கை வலது கால், இடது கை இடது கால் என்று வீசி நடந்து பார்த்தாள், தெரு முழுக்கச் சிரித்தது. அந்த நடை அப்படியே உடம்பில் எங்கேயோ தங்கிவிட்டது. மாதிரி செய்யும்போது மூளை ஒன்றும் சொல்லவில்லை, விரல்தான் செய்தது. அவ்வளவு நீளக் கால், உடம்போ குட்டை, எதிரும் புதிருமாகப் போட்டால் பின்னங்கால் முன்னங்காலை உதைக்காதா, கால் கட்டையாக இருந்தால் உதைக்காது, நெட்டையாக இருந்தால் உதைக்கும், இதற்குப் படிப்பா வேண்டும். இரண்டு பேர் நெருங்கி நடந்தால் கால் மாறாமல் ஒன்றாகப் போட்டால்தானே இடிக்காது. அவர் ஏன் பார்க்க மாட்டேன் என்கிறார். ஏன் என்று தெரியும். இருபத்தாறு வருஷமாக எதிரும் புதிருமாகக் கால் வைத்து எத்தனையோ ஊரில் நட்டுவிட்டு வந்திருக்கிறார், அதில் ஒன்றுகூடக் கவிழவில்லை, எப்படிக் கவிழும், எட்டு அடி கான்கிரீட்டில் நட்டிருக்கிறதே. கவிழாதது எல்லாம் சரி என்று நினைத்துக்கொள்கிற மனுஷன். அவளும்தான் கவிழவில்லை, இத்தனை வருஷமாக.

இதற்கு ஏன் ஆப்பிரிக்கா வரை வர வேண்டும், செல்போனில் பார்த்தால் தெரிந்துவிடாதா என்று அவள் தங்கை கேட்டாள். தங்கைக்கு நாச்சிமுத்துவைத் தெரியாது. லோகு முதலில் வீடியோதான் அனுப்பினான். ஒரு ஒட்டகச்சிவிங்கி நடந்துதான் போயிற்று, அவள் சொன்ன மாதிரியேதான் போன மாதிரி இருந்தது. ஆனால் அதற்கு முந்தின வாரம்தான் பட்டறைப் பையன்கள் ஒட்டகச்சிவிங்கி சைக்கிள் ஓட்டுகிற வீடியோ ஒன்றை அவருக்குக் காட்டியிருந்தார்கள், அதுவும் அச்சு அசல் நிஜம் மாதிரியே பெல் அடித்துக்கொண்டு போயிற்று. இப்பெல்லாம் கம்ப்யூட்டர்லயே செஞ்சர்றானுங்க, இத நம்பி நான் கம்பி கட்டறதா என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். அதற்கு முன்னால் ஒரு மிருகக்காட்சி சாலையில் போய்ப் பார்த்ததும் உண்டு, அங்கே இடுப்பு உயரச் சுவருக்குப் பின்னால் ஒன்று மத்தியானம் பூராவும் படுத்திருந்தது. இங்கே வந்து இருபது நாள். முதல் பத்து நாள் மழை. அப்புறம் லோகுவுக்கு ஆபீஸ். கடைசியில் இன்றைக்குத்தான், அதுவும் அவன் வர முடியாமல், டிரைவர் முவாங்கியோடு இவர்கள் இரண்டு பேரை மட்டும் அனுப்பினான். முவாங்கிக்குத் தமிழ் தெரியாது, இவர்களுக்கு அவர் பேச்சு தெரியாது, ஆனால் நல்ல மனிதர், வண்டியை நிறுத்தும்போது நிழல் பார்த்து நிறுத்துகிறார். வழியில் மயிலாத்தாள் ஒரு குறுக்குவழி பார்த்தாள். பொறுக்கமாட்டாமல் முன் இருக்கையின் முதுகில் நாலு விரலைக் கால் மாதிரி ஊன்றி, இப்படியா அப்படியா என்று நடத்திக் காட்டினாள். காட்டிலேயே பிறந்து வளர்ந்தவர், ஒரு தலையசைப்பில் சொல்லிவிடலாம். முவாங்கி விரலைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், பதறிப்போய் இரண்டு கையையும் ஆட்டினார். வெளியே சிங்கம் இருக்கிறது, இறங்கி நடக்கக்கூடாது என்று கர்ஜித்தே காட்டினார். நாச்சிமுத்து அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டு தோள் குலுங்கச் சிரித்தார். சிரிக்கட்டும்.

சிரிக்கட்டும், சிரிக்கட்டும், ஆனால் ஒருவேளை. இந்த ஒருவேளை அவளுக்குப் பிடிக்காத வார்த்தை, பெயின்ட் டப்பாவைத் திறக்கும்போதெல்லாம் நிறம் வேறாக இருந்துவிட்டால் என்று யோசிக்கிறவள் இல்லை அவள், திறந்தால் பார்த்துக்கொள்ளலாம் என்கிறவள். ஆனாலும் இந்த முக்கால் மணி நேரம் அந்த ஒருவேளைக்கு இடம் கொடுத்துவிட்டது. ஒருவேளை ஒட்டகம் வேறு, இது வேறாக இருந்தால். பேரில்தான் ஒட்டகம் இருக்கிறது, காலில் இல்லையென்றால். ஒன்பது வயதுப் பிள்ளை மூன்று தெருவில் பார்த்ததை வைத்துக்கொண்டு ஆயுசையே பந்தயம் கட்டிவிட்டாளே. தோற்றால் அவர் ஒன்றும் சொல்லமாட்டார், அதுதான் கஷ்டம். ஊருக்குப் போனதும், கலவை போடும்போதோ, சாப்பிடும்போதோ, பேச்சுவாக்கில் ஆப்பிரிக்கா என்று ஒரு வார்த்தை வரும், அவர் கண் ஒரு நிமிஷம் சிரிக்கும், அவள் சோற்றைப் பிசைந்துகொண்டிருக்க வேண்டும். கம்பியைப் பற்றிப் பேசாமல் அவளால் இருக்க முடியுமா. இருந்துதான் பார்க்க வேண்டும். முதல் பத்து வருஷம் அப்படித்தானே இருந்தாள், அவர் வளைக்கிற கம்பியில் முதுகு வளைவு தப்பாக இருப்பது தெரிந்தும், மேலே பூசுகிற பெயின்ட்டில் நிழல் கொடுத்து அதை மறைத்துக்கொண்டு. அவருக்கே தெரியாது எத்தனை யானைக்கு அவள் பெயின்ட்டால் முதுகு நிமிர்த்தியிருக்கிறாள் என்று. இல்லை, தெரிந்திருக்குமோ. தெரிந்தும் சொல்லாமல் இருந்திருப்பாரோ. இந்த மனுஷனோடு இத்தனை வருஷம் ஒரே தட்டில் சாப்பிட்டும் இதைக் கேட்டதில்லையே. ஏன் கேட்கவில்லை. கேட்டால் ஆமாம் என்று சொல்லிவிடுவார் என்ற பயம்தான் வேறென்ன. கால், மயிலாத்தா, காலைப் பார். கண்ணை எடுக்காதே. கண்ணை இமைக்கிற நேரத்தில் ஓர் எட்டு வைத்துவிட்டு மறுபடி நின்றுவிட்டால் என்ன செய்வாய். அவள் இடது கண்ணையும் வலது கண்ணையும் மாற்றி மாற்றி இமைத்துப் பார்த்தாள், அது சரிப்படவில்லை, கண்ணில் தண்ணீர்தான் வந்தது.

அப்போது அது தலையைத் தூக்கி இவர்களைப் பார்த்தது. தின்பதை நிறுத்திவிட்டு, காதை இரண்டு பக்கமும் விரித்து, மரத்துக்கு மேலிருந்து, ஒன்றும் சொல்லாமல் பார்த்தது. யானையைப் பார்த்தால் பயம் வரும், சாமி நினைப்பு வரும். குரங்கைப் பார்த்தால் பையில் என்ன இருக்கிறது என்ற கவலை வரும். இதைப் பார்த்தால் என்ன வருகிறது என்று அவளுக்குச் சொல்லத் தெரியவில்லை. காலையில் வரும்போது முதலில் இதை மொட்டை மரம் என்றுதான் நினைத்தாள், நினைத்துக்கொண்டே இருக்கும்போது மொட்டை மரம் திரும்பிப் பார்த்தது. இத்தனை பெரிய உடம்பு, ஒரு சத்தம் இல்லை. இருபத்திரண்டு அடி உயரத்துக்குச் சாரம் கட்ட வேண்டுமென்றால் பட்டறையில் எத்தனை கத்தல், பிடி, விடு, இழு என்று தெருவே கூடிவிடும். இது தன் உயரத்தைத் தானே தூக்கிக்கொண்டு அரவமில்லாமல் நிற்கிறது. கர்வமும் இல்லை. உயரமானவர்கள் சில பேர் குள்ளமானவர்களோடு பேசும்போது கொஞ்சம் கூனிக்கொள்வார்களே, அந்த மரியாதை கழுத்தில் இருந்தது. பிள்ளைகள் ஏன் பூங்காவுக்குள் நுழைந்ததும் சறுக்குமரத்தை விட்டுவிட்டு இதன் காலைப் போய்க் கட்டிக்கொள்கின்றன என்று இப்போது தெரிந்தது. அண்ணாந்து பார்க்க வேண்டும், ஆனால் பயப்பட வேண்டாம் என்றால் பிள்ளைகளுக்கு வேறென்ன வேண்டும், பெரியவர்களுக்குத்தான் வேறென்ன வேண்டும். அவளுக்குப் பயம் போய்விட்டது. எப்படிப் போனது என்று தெரியவில்லை, அது பார்த்தது, போய்விட்டது. இந்தக் காலை எதிரும் புதிருமாக எடுத்துவைக்க இது என்ன பைத்தியமா. நான் சொன்னதுதான். புதன்கிழமை நான் நின்று கம்பி கட்டச் சொல்வேன், பீடத்தில் மயிலாத்தாள் என்று என் கையால் எழுதுவேன், லா-வுக்குப் பெரியதாக ஒரு சுழி போடுவேன், செல் நம்பரும் என்னுடையதைத்தான் போடுவேன்.

அது நடந்தது. மரத்தை விட்டு விலகி, புதரைப் பார்த்து, அவசரமில்லாமல் கிளம்பியது. கிளம்பின உடனே வெயிலுக்குள் வந்தது. அதுவரை கறுப்பாக இருந்தது சட்டென்று மேலிருந்து கீழ் வரை நிறமாகிவிட்டது, மயிலாத்தாளின் கண் அவளைக் கேட்காமலே காலை விட்டுவிட்டு விலாவுக்குப் போயிற்று. புள்ளி. அவள் புள்ளிகளை அட்டையில் வெட்டி வைத்திருந்தாள், ஐந்தே ஐந்து வடிவம், அதைச் சுவரில் கோலம் அடிக்கிற மாதிரி வைத்து வைத்துப் பெயின்ட் அடித்து, ஓரத்துக்கு மெல்லிய பிரஷ்ஷால் கறுப்புக் கோடு போடுவாள், இருபத்தாறு வருஷமாக அதே ஐந்து அட்டை, நைந்து போனால் அதே அளவில் இன்னொன்று. இங்கே ஒன்று மாதிரி ஒன்று இல்லை. கிழிந்த இலை மாதிரி ஒன்று, சிந்தின குழம்பு மாதிரி ஒன்று, ஓரத்தில் கோடும் இல்லை கீடும் இல்லை, நடக்க நடக்க உள்ளே சதை உருண்டு ஒவ்வொரு புள்ளியும் கொஞ்சம் சுருங்கிக் கொஞ்சம் விரிந்தது, தோள்பட்டையில் இருந்தது கழுத்துப் பக்கம் ஏறுகிற மாதிரி இருந்தது. புள்ளி மேலே ஒட்டினது இல்லை, உள்ளேயிருந்து வந்தது. ஐயோ, நான் என்னத்தை அடித்துவைத்திருக்கிறேன், தரைக்குக் கல் பதித்த மாதிரியல்லவா அடித்துவைத்திருக்கிறேன் என்று நினைத்தாள், ஆனால் அந்த ஐயோவில் வருத்தத்தைவிட ஆசைதான் அதிகமாக இருந்தது, கண்ணால் ஒவ்வொரு புள்ளியாகத் தொட்டுத் தொட்டுக் கழுத்து வரை ஏறினாள், அந்தத் தலை மரங்களுக்கு மேலே தூளியில் போகிற மாதிரி போனது. அது புதருக்குப் பின்னால் போய் மற்ற மூன்றோடு நின்றுகொண்டது. ஏழு எட்டு எடுத்து வைத்திருக்கும், இல்லை பத்து. இப்போது நான்கு கழுத்து, நான்கு முதுகு, கால் ஒன்றுகூட இல்லை.

"பாத்தியா?" என்றார் நாச்சிமுத்து.

பார்த்தேன் என்று சொல்ல வாயெடுத்தவள்தான். "இல்லீங்க," என்றாள். "மேலயே பாத்துட்டு இருந்துட்டேன்."

சொன்ன பிறகுதான் சொன்னது என்ன என்று உறைத்தது. முவாங்கி குனிந்து பிளாஸ்கிலிருந்து டீ ஊற்றிக்கொண்டிருந்தார், அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. இந்தக் காடு முழுக்க அந்தக் காலைப் பார்த்த கண் இரண்டே இரண்டுதான், இரண்டும் நாச்சிமுத்துவுடையது. அவருக்கும் அது தெரிந்துவிட்டது. அவர் டிரைவரைப் பார்த்தார், புதரைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். எதிரும் புதிருமாகத்தான் போயிற்று என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அவள் நம்பித்தான் ஆக வேண்டும். சாயங்காலம் விமானம், புதன்கிழமை கான்கிரீட், பீடத்தில் அவர் பேர், யார் போய் ஆப்பிரிக்காவுக்கு மறுபடி ஆள் அனுப்பிக் கேட்கப் போகிறார்கள். தூசியில் தெரியவில்லை என்றுகூடச் சொல்லலாம், அதுவும் அவருக்குத்தான் சாதகம். மயிலாத்தாள் அவர் முகத்தைப் பார்க்கவில்லை, பார்த்தால் அவருக்கு எதையோ ஞாபகப்படுத்துகிற மாதிரி ஆகிவிடும் என்று புதரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் தொப்பியைக் கழற்றினார், நெற்றியைத் துடைத்தார், மறுபடி மாட்டிக்கொண்டார்.

"ஒரே பக்கந்தான் போவுது," என்றார். "பின்னங்காலு வந்து முன்னங்கால முட்டறதுக்குள்ள அது எந்திரிச்சுப் போயிருது. நீ சொன்னாப்பலயேதான். கவுந்து விழுகல."

சந்தோஷம் வந்தது, வராமல் என்ன, மார்பு வரைக்கும் வந்தது. ஆனால் கூடவே ஒரு கோபமும் வந்தது அவளுக்கு. இருபத்தாறு வருஷமாக இந்த மனுஷனை ஒரே ஒரு தடவையாவது ஜெயிக்க வேண்டும் என்று இருந்தவள், ஜெயித்த நேரத்தில் பார்த்தால் தோற்றவர் அவளுக்கு ஒரு படி மேலே போய் நின்றுகொண்டிருக்கிறார், அதுவும் இட்லிப் பொட்டலத்தை மூடிக்கொண்டே. அவர் இடத்தில் தான் இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பாள் என்று யோசித்தாள். யோசிக்கவே வேண்டியதில்லை, தெரிந்தது. தூசி மறச்சிருச்சுங்க, சரியாத் தெரியலீங்க என்று சொல்லியிருப்பாள், குரல்கூட நடுங்காமல். இப்படி ஓர் ஆளோடு இத்தனை வருஷம் இருந்துவிட்டு, அவர் இப்படிப்பட்ட ஆள் என்பதற்கு நாள் முழுக்க ஒரு இடம்கூட விட்டுவைக்கவில்லையே தான், மனதுக்குள் அவரைத் தோற்கடிக்கிற மும்முரத்தில். இது வெட்கமாக இருந்தது, சொல்லாமல் இருந்தால் இன்னும் வெட்கமாகிவிடும் போலிருந்தது.

"நான் வெச்ச புள்ளியெல்லாம் தப்புங்க," என்றாள்.

"எது?"

"அத்தனையும். இத்தன வருசமா வெச்சது பூராவும். அதப் பாத்துட்டுத்தான் கால விட்டுட்டேன்."

அவர் புதருக்கு மேலே தெரிகிற நான்கு கழுத்தையும் நிதானமாகப் பார்த்தார், ஒவ்வொன்றாக, வேலையை ஒப்புக்கொள்வதற்கு முன்னால் பார்க்கிற மாதிரி.

"அப்ப நான் வெச்ச காலு தப்பு. நீ வெச்ச புள்ளி தப்பு," என்றார். "என்னதான் புள்ளே சரியாச் செஞ்சோம்?"

மயிலாத்தாள் உண்மையாகவே யோசித்தாள். "கழுத்துங்க," என்றாள். "நீளத்துல கொற வெக்கல."

அவர் சிரிக்க ஆரம்பித்தார், சத்தமில்லாமல், தோள் மட்டும் குலுங்க. அவளுக்கும் வந்துவிட்டது, முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தாள், எத்தனை ஊர்ப் பூங்காவில் எத்தனை பிள்ளைகள் அந்தத் தப்புக் காலைக் கட்டிக்கொண்டு, அந்தத் தப்புப் புள்ளியில் கன்னத்தை வைத்துக்கொண்டு போட்டோவுக்கு நின்றிருக்கின்றன என்று நினைக்க நினைக்கச் சிரிப்பு நிற்கவில்லை. முவாங்கி திரும்பிப் பார்த்தார், இவர்களுக்கு என்ன ஆயிற்று என்று. நான்கு கழுத்தும் திரும்பிப் பார்த்தன.

"புதங்கெழம," என்றார் நாச்சிமுத்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு, "எந்தக் கம்பி எங்க வரோணும்னு நீ நின்னு சொல்லு. நான் கட்டறேன்."

"சரிங்க," என்றாள். அவர் டீ வாங்கக் கையை நீட்டினார். முவாங்கி டீயைக் கொடுத்துவிட்டு, மணியைக் காட்டி, கிளம்பலாமா என்று சாவியைத் தொட்டார். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் கையை ஆட்டி வேண்டாம் என்றார்கள். புதருக்குப் பின்னால் அவை மறுபடி தின்ன ஆரம்பித்திருந்தன. காலெல்லாம் மறைந்துதான் இருந்தது, அதைப் பற்றி இப்போது யாருக்கும் அக்கறையில்லை. மயிலாத்தாள் மீதி இட்லியை எடுத்து அவருக்கு ஒன்று கொடுத்துவிட்டு, தானும் ஒன்றைப் பிட்டுக்கொண்டு, அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.